குப்பை அகற்றுவோரின் நலமும் பாதுகாப்பும்



நாள்தோறும் காலையில் நம் வீட்டு வாயிலுக்குச் சிலர் வருகின்றனர். பால் கொண்டு வருபவரை நாம் அறிவோம். செய்தித்தாள் கொண்டு வருபவரையும் காய்கறி வண்டிக்காரரையும் அறிவோம். அவர்கள் ஒருநாள் வாராவிடில், ஏன் வரவில்லை என்று கேட்கின்றோம். இவ்வாறு பொருளைக் கொண்டு வருவோரை அறிந்துள்ள நாம், பொருளைக் கொண்டு செல்வோரை அந்த அளவுக்கு அறிந்திருக்கிறோமா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். குப்பையை எடுத்துச் செல்பவர், பழைய தாளையும் இரும்பையும் எடைபோட்டு வாங்கிச் செல்லும் கபாடிவாலா, வீட்டைப் பழுதுபார்த்தபின் எஞ்சும் கல்லையும் மண்ணையும் சாக்கில் கட்டி டெம்போவில் ஏற்றிச் செல்பவர் ஆகிய இவர்கள் இல்லையேல், இப்பெருநகரில் ஒரு வாரம்கூட நாம் குடியிருக்க இயலாது.

இத்தொழிலின் பெரும்பகுதி சிறுதொழிலாகவே நடைபெறுகிறது. முதலாளி ஒருவர்; அவரும் பெரும்பாலும் ஒரு காலத்தில் தாமே மூட்டை சுமந்தவர். வண்டி ஒன்று அல்லது இரண்டு. வேலையாட்கள் நால்வர் அல்லது ஐவர். சென்னையில் காயலான் கடை என்றும், இங்கே கபாடிக் கடை என்றும் வழங்கும் பழம்பொருட் கடைகளும் இத்தகையனவே. பெரிய ஆலைகளில் உள்ளதுபோலப் பாதுகாப்பு அதிகாரியோ, மருத்துவ அறையோ, எச்சரிக்கைப் பலகையோ இங்கே கிடையா. இத்தொழிலில் ஈடுபட்டுள்ளோரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றியே இன்று சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். இது அவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. குப்பை போடும் நம் அனைவருக்கும் உரிய செய்தி.

எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் தெற்குத் தில்லியில் இத்தொழிலை நடத்தி வருகிறார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இளமையிலேயே இங்கு வந்தவர். கூலியாளாக இருந்து, சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து, டெம்போ ஒன்று வாங்கி, இன்று நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறார். எங்கள் குடியிருப்பையும் சேர்த்துச் சில குடியிருப்புகளின் குப்பையை நாள்தோறும் எடுப்பது அவருடைய ஆட்களே. ஒருநாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஐயா, நேற்று நம் பையன் ஒருவன் கையில் ஊசி குத்திவிட்டது. கறுப்புப் பை ஒன்றைக் கையால் அமுக்கி மூட்டை கட்டும்போது உள்ளேயிருந்து ஏறிவிட்டது. உடம்புக்கு மருந்து போடுகிற ஊசி. சுண்ணாம்பு வைத்துக் கட்டினேன். இன்று அவன் பயந்துபோய்ப் படுத்திருக்கிறான். இதற்கெல்லாம் மருத்துவமனைக்குப் போகவேண்டுமா, ஐயா?" என்று கேட்டார்.

"போகத்தான் வேண்டும், தம்பி. நேற்றே போயிருக்கவேண்டும்," என்றேன்.

அன்றிரவே அப்பையனை அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் அளித்த விளக்கத்தை உங்களுக்கும் கூறுதல் நலம். பயன்படுத்திய ஊசி குத்தினால் அதன்வழி மூன்று நோய்க்கிருமிகள் உடம்பில் புகக்கூடும். அவை கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எய்ட்ஸ் நோய்க்குக் காரணமாகிய எச்.ஐ.வி. என்பன. இவற்றுள் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள்வரை உயிர்ப்போடு இருக்க வல்லது. எனவே, ஊசி பழையது, காய்ந்தது என்று வாளாவிருத்தல் தகாது. குத்திய இடத்தைப் பிழியாமலும், வாயால் உறிஞ்சாமலும், ஓடும் நீரில் சோப்பு இட்டு நன்கு கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றை அப்புதல் பயன் தராது. பின்னர்க் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் மருந்தை, மருத்துவர் தேவையெனக் கருதினால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகவேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குதல் மிக நன்று. தொடங்கியபின் 28 நாள் விடாமல் உட்கொள்ளவேண்டும்.

அப்பையன் மருந்தை உட்கொண்டான். திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. நோய் எதுவும் பற்றவில்லை என உறுதியாவதற்குச் சில மாதங்கள் ஆயின. அதுவரை அவனுக்கு ஊரில் பேசி வைத்திருந்த திருமணத்தை அவன் பெற்றோர் தள்ளிவைத்தனர். காரணத்தை அவனால் அவர்களிடம் முழுமையாகச் சொல்லவும் முடியவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். நான் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உடையவன். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவன். போட்டுக்கொண்ட ஊசியைக் குப்பைப் பையில் எறிவது என் வழக்கமாக இருந்தது. அது தவறு என்ற எண்ணம் ஒருநாளும் எழுந்ததில்லை. பையனைக் குத்திய ஊசி என் வீட்டு ஊசி அன்று என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. இதை அத்தம்பியிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்தப் பை யார் வீட்டுப் பை என்று எங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா? உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் எப்படித் தெரியும்?" என்றார்.

நேயர்களே, இத்தொழிலின் இடர் முழுவதும் அவருடைய அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஆலையில் வேலை செய்பவர் தாம் கையாளும் பொருள் இன்னது என்பதை அறிவார். அமிலம் என்றால் புட்டியின்மேல் அமிலம் என்று எழுதியிருக்கும். ஆனால் ஒரு பொருள் குப்பையாகும்போது முதலில் தன் பெயரை இழந்துவிடுகிறது. எறிபவருக்கு அது இன்னது என்று தெரியும், எடுப்பவருக்குத் தெரியாது. பொருள் கைமாறுகிறது, அதைப் பற்றிய அறிவு கைமாறுவதில்லை. அறியாத பொருளை அறியாத கை பற்றும்போதே தீங்கு விளைகிறது.

இதன் கொடிய விளைவை இந்நகரமே ஒருமுறை கண்டது. மேற்குத் தில்லியில் மாயாபுரி என்னும் பகுதியைப் பலர் அறிந்திருக்கலாம். பழைய மோட்டார் உறுப்புகளும் இரும்பும் பிற உலோகங்களும் குவிந்துகிடக்கும் பெரிய சந்தை அது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில், கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்ட ஆராய்ச்சிக் கருவி ஒன்று இருந்தது. 1985-ஆம் ஆண்டுக்குப் பின் அது பயன்படுத்தப்படாமல் கிடந்தது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அக்கருவி பழைய பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே வேலையாட்கள், கதிர்கள் வெளிவராமல் தடுத்துக்கொண்டிருந்த ஈயக் கவசத்தைப் பிரித்து எடுத்தனர். ஈயத்துக்கு விலை உண்டு அல்லவா? உள்ளே இருந்த பளபளப்பான சிறு உலோகத் துண்டுகள் கைக்குக் கை மாறின. ஒருவர் ஒரு துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார்.

கோபால்ட்-60 இன் கதிர்வீச்சு ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 25 ஆண்டுகள் சும்மா கிடந்தும் அது முற்றும் ஓய்ந்துவிடவில்லை. ஏப்ரல் மாதத்தில் கடைக்காரர்க்கும் வேலையாட்களுக்கும் தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது, வாந்தி கண்டது. ஏழு பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மாத இறுதியில் ஒருவர் உயிர் நீத்தார். கடையில் கூலி வேலை பார்த்தவர் அவர். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வல்லுநர் வந்து துண்டுகளைத் தேடி மீட்டனர். மக்களின் வசிப்பிடத்தில் இத்தகைய கதிரியக்க விபத்து நிகழ்ந்ததை உலகமே கவலையோடு நோக்கியது.

இதற்கு முன்னரே, 1987-ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டுக் கொய்யானியா நகரில் இதைப் போன்றதொரு துயரம் நிகழ்ந்திருந்தது. கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து எடுத்து வரப்பட்ட கருவி, பழம்பொருட் கடைக்கு விலைபோயிற்று. அதனுள் சீசியம்-137 இருந்தது. இருளில் நீல ஒளி வீசிய அத்தூளை வியப்புக்குரிய பொருளாக எண்ணி, உறவினர்க்கும் நண்பர்க்கும் பகிர்ந்தளித்தனர். கடைக்காரரின் மனைவி, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, கடையில் வேலை செய்த இளைஞர் இருவர் என நால்வர் மாண்டனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு காணப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கடைக்காரர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நாம் எளிதில் குறை கூறிவிடல் ஆகாது. அவர்கள் தங்கள் தொழிலைச் செய்தனர். அப்பொருள் இன்னது என்று அறிந்திருந்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். அறிந்தவர் சொல்லவில்லை, எடுத்தவருக்குத் தெரியவில்லை. கருவி பெரிது, ஊசி சிறிது என்பதைத் தவிர, மாயாபுரியில் நிகழ்ந்ததற்கும் எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்ததற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ஆகவே, சிறுதொழில் நடத்துவோர் முதலில் கைக்கொள்ள வேண்டிய பழக்கம், எடுக்கும்முன் கேட்பது. ஒரு வீட்டையோ கடையையோ பட்டறையையோ காலி செய்ய அழைத்தால், விலை பேசும்போதே, "உள்ளே என்ன இருக்கிறது? அமிலம், பூச்சிமருந்து, பெயின்ட், எரிவாயு உருளை, மருந்து, கண்ணாடி, பழைய மின்கலம் இவற்றுள் ஏதேனும் உண்டா?" என்று கேட்டல் வேண்டும். மருத்துவமனை, ஆய்வுக்கூடம், ஆலை ஆகியவற்றின் பொருளாயின், அது இன்னதென்று எழுத்தில் பெறாமல் வண்டியில் ஏற்றலாகாது. அளவுக்கு மீறிய கனமுடைய ஈயப் பெட்டியையும், மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட கறுப்புக் குறி பொறித்த பொருளையும் கண்டால், தொடாமல் விலகி நின்று, காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். இக்குறியைத் தாளில் வரைந்து கடைச் சுவரில் ஒட்டிவைத்தல் எளிது. எழுத்தறியாதாரும் அதனை அறிந்துகொள்வர்.

இரண்டாவது, கையைக் கடைசியாகவே பயன்படுத்துவது. அத்தம்பி என்னிடம் மற்றொன்றும் சொன்னார்: "கையுறை வாங்கிக் கொடுத்தேன், ஐயா. வியர்க்கிறது, பிடி நழுவுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள்." இது அவர் ஒருவருடைய குறை மட்டும் அன்று. மலிவான பருத்திக் கையுறை வியர்வையை மட்டும் தரும், ஊசியைத் தடுக்காது. தோலாலாவது, உள்ளங்கையில் கெட்டியான ரப்பர் பூச்சு உடையதாகவாவது, அவரவர் கைக்குப் பொருந்துவதாகவும் இருந்தால் ஆட்கள் அணிவார்கள். ஆயினும் எந்தக் கையுறையும் ஊசிக்கு முழுக் காப்பு ஆகாது. ஆகவே பையைக் கையால் அமுக்காமல், கொக்கியாலும் முள்கரண்டியாலும் இடுக்கியாலும் கையாளவேண்டும். மூட்டையை மார்போடும் தொடையோடும் அணைத்துத் தூக்காமல், கழுத்தைப் பிடித்து உடம்புக்கு அப்பால் வைத்து எடுக்கவேண்டும். செருப்புக்கு மாறாகக் கெட்டியான அடிப்பகுதி உடைய, கணுக்காலை மறைக்கும் பூட்ஸ் அணியவேண்டும். அதிகாலை மூடுபனியில் சாலையோரத்தில் வேலை செய்வோர்க்கு, ஒளிபட்டால் மின்னும் மேற்சட்டை உயிர்காக்கும் கவசம். கையுறை, மேற்சட்டை, மழைச்சட்டை, காலணி, முகக்கவசம் ஆகியவற்றைத் திடக்கழிவைக் கையாளும் தொழிலாளர்க்கு அளித்தல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகளே வகுத்துரைத்தன.

மூன்றாவது, பளுவும் வண்டியும் பற்றியது. மூட்டை தூக்குவோரின் முதுகெலும்பே அவர்களுடைய முதலீடு. முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் தூக்குதல், பெரிய பளுவை இருவராகச் சுமத்தல், இடிபாட்டைச் சிறு சாக்குகளில் கட்டுதல் ஆகியவற்றால் இரண்டு நடை கூடுதலாகலாம். ஆனால் நாற்பது வயதிலேயே வேலையை விட்டு வீட்டில் அமரும் நிலை நேராது. வண்டி பின்னோக்கி வரும்போது அதன் பின்னால் ஒருவரும் நிற்றல் கூடாது. ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கத்தில் ஒருவர் மட்டும் நின்று வழிகாட்டவேண்டும். குப்பைச் சுமையின்மேல் ஆட்களை அமர்த்திச் செல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

குப்பையைக் கொட்டும் இடமும் இடருடையதே. 'குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது' என்று நம் ஊரில் சொல்வதுண்டு. இந்நகரில் அச்சொல் ஏறக்குறைய உண்மையாகவே ஆயிற்று. 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காஜிப்பூர்க் குப்பைமேடு, 2019-ஆம் ஆண்டில் 65 மீட்டர் உயரம் எய்தி, 73 மீட்டர் உயரமுள்ள குதுப் மினாரை எட்டும் நிலையில் நின்றது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அம்மேட்டின் ஒரு பகுதி சரிந்து, சாலையில் சென்ற வண்டிகளை அருகிலிருந்த கால்வாய்க்குள் தள்ளியது. இருவர் இறந்தனர். மழைக்காலத்தில் மேட்டின் சரிவோரத்தில் வண்டியை நிறுத்துவதும், அதன் அடிவாரத்தில் நின்று பொருள் பொறுக்குவதும் எத்துணை ஆபத்தானவை என்பதை இது காட்டும்.

நான்காவதாகக் கூறுவதை ஒரு விதியாகவே கொள்ளுங்கள். "குப்பை எடுக்கத்தானே வந்தீர்கள், அந்தக் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்துவிடுங்கள், கூடுதலாகப் பணம் தருகிறோம்" என்று சில இடங்களில் கேட்பதுண்டு. ஒருநாளும் இசையலாகாது. தொட்டிக்குள் தேங்கும் நச்சுவாயு ஒருசில மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அவ்வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. ஆனால் அளவு மிகுந்தால் அது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். எனவே நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் மீள்வதில்லை. அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மீள்வதில்லை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், இந்நகரின் மோத்தி நகர்ப் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியினுள் ஐந்து தொழிலாளர் இவ்வாறே மாண்டனர். தக்க பாதுகாப்பு இன்றி ஆளைக் கழிவுநீர்க் குழாயிலும் மலத்தொட்டியிலும் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கழிவுநீர்க் குழாயில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், எத்தொகையும் போன உயிருக்கு ஈடாகாது அன்றோ?

ஐந்தாவது, தீயும் தூசியும் பற்றியது. கைப்பேசியிலும் அதுபோன்ற கருவிகளிலும் உள்ள லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பற்றும். அவற்றை மற்றக் குப்பையோடு அழுத்திக் கட்டாமல், உலர்ந்த மணல் இட்ட தனிப் பெட்டியில் வைத்தல் நலம். வடகிழக்குத் தில்லியின் சீலம்பூர், பழைய கணிப்பொறிகளையும் மின்கருவிகளையும் பிரிக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதும், பலகைகளை அமிலத்தில் முக்குவதும் இத்தகைய தொழிலில் காணும் தீய வழக்கங்கள். அப்புகையிலும் தூசியிலும் ஈயம் முதலிய நஞ்சுகள் உள்ளன. வேலை உடையோடு வீடு திரும்பினால், அத்தூசி குழந்தைகளையும் சென்றடையும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கைகால் கழுவி, உடை மாற்றி, அதன் பின்னரே குழந்தையைத் தூக்குதல் வேண்டும். பழைய கல்நார்க் கூரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பெருந்தீங்கு உடையது. அதை உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, முழுதாகவே இறக்கவேண்டும். அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

குளிர்காலத்தில் கை காய்வதற்காகக் குப்பையையே கொளுத்துவதைக் காண்கிறோம். பிளாஸ்டிக் எரியும் புகை, கடையைச் சுற்றியுள்ளோர்க்கு முன்னே கொளுத்தியவரின் மார்பையே தாக்குகிறது. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்து உறங்குவதோ உயிரையே போக்கிவிடும். ஆட்களுக்குக் கம்பளி உடை வாங்கித் தருவது இவ்விரு தீமைகளையும் தடுக்கும் எளிய வழி. கோடையில், வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்களில், பளு ஏற்றும் வேலையை முற்பகலுக்குள் முடித்துக்கொள்ளவேண்டும். வண்டியில் குடிநீர்க் குடம் ஒன்று எப்போதும் இருத்தல் வேண்டும். ஒருவர் தலை சுற்றுகிறது என்று கூறினால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல், உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பை நீரால் நனைத்து விசிறவேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் நீர் புகட்டாமல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு சொல். இரண-ஜன்னிக்கான ஊசியைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று தவணையாகவும் போட்டுக்கொள்ளவேண்டும். குப்பைத்தொட்டி அருகே நாய் கடித்தால், கடிவாயைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று சிறு முதலாளிகள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால், மேலே கூறியவற்றுள் பாதிக்குமேல் செலவில்லாதவை. கேட்பதற்குச் செலவில்லை, கொக்கி ஒன்று செய்வதற்குச் செலவு சிறிது, தொட்டியில் இறங்க மாட்டோம் என்று சொல்வதற்குச் செலவே இல்லை. வேலையில் காயமுற்றவர்க்கு ஈட்டுத்தொகை வழங்கவேண்டும் என்னும் கொள்கை 1923-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டமாயிற்று. அப்பொறுப்பை நினைவிற்கொண்டால், முன்கூட்டிச் செய்யும் செலவு சிறிதே என்பது விளங்கும். வங்கிக் கணக்கு உடையோர்க்கென 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி சுரட்சா பீமா திட்டத்தின் கட்டணம், 2022-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறப்பு நேரின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்க வகை செய்யும் திட்டம் அது. நான்கு ஆட்களுக்கும் முதலாளியே அதைக் கட்டினாலும் 80 ரூபாய்தான். அத்தம்பி இப்போது அதைக் கட்டி வருகிறார்.

இனி, நம் கடமைக்கு வருவோம். அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லுதலே பாதுகாப்பின் தொடக்கம் என்றேன். அறிந்தவர் நாம்தாம். 2016-ஆம் ஆண்டு விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தருமாறு கூறின. மூன்றாம் வகையில் பயன்படுத்திய ஊசி, காலாவதியான மருந்து, பூச்சிமருந்துப் புட்டி, குழல்விளக்கு, மின்கலம் ஆகியவை அடங்கும். உடைந்த கண்ணாடியைக் கெட்டியான அட்டையில் சுற்றிக் கட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதுங்கள். சுகாதாரத் துணிகளைத் தனித்தாளில் சுற்றிக் குறியிட்டுக் கொடுங்கள். ஊசிகளைத் திருகுமூடி உள்ள கெட்டியான புட்டியில் சேர்த்து, நிறைந்ததும் மூடிமேல் ஒட்டுநாடா சுற்றித் தனியே கையில் கொடுங்கள். இங்கே எழுதுவதாயின் இந்தியில் எழுதுங்கள். எழுத்தறியாதார்க்கு வாயால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்குங்கள்.

என் வீட்டில் இப்போது அத்தகைய புட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் சிவப்பு மையால் 'ஊசி' என்று எழுதியிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அது நிறைகிறது. அதை வாங்க வருபவன் அன்று ஊசி குத்துண்ட அதே பையன். சென்ற தை மாதத்தில் அவனுக்குத் திருமணம் ஆயிற்று. புட்டியை அவனிடம் நீட்டும்போது, "பார்த்து எடு, தம்பி, உள்ளே ஊசி இருக்கிறது," என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அவனுக்கு அது தெரியும். ஆயினும் சொல்கிறேன். சொல்லாமல் இருந்த ஆண்டுகள் பல அல்லவா?

நேயர்களே, நாளைக் காலையில் உங்கள் வாயிலில் பையை வைக்கும்முன், அதனுள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதை எடுக்க வருபவர்க்கு ஒரு சொல் சொல்லுங்கள்.